பக்கத்தில் நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ரகுநாத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையில் முடிவெட்டு, மாவு மில்லு, வண்டிக்குக் காற்று. மத்தியானம் சாப்பிட்ட கையோடு கண்மாய்க்கரையில் தூண்டில். எல்லாவற்றுக்கும் கூட நாகராசு வேண்டும். ரகுநாத் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், நாகராசுவுக்குக் கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

அந்த நாகராசு வியாழக்கிழமை காலையில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ரகுநாத்தின் கால்கள் பழக்கத்தில் சலூனுக்கே போயின. நாற்காலியில் உட்கார்ந்து, "மொட்டை போட்டுரு" என்றார்.

சலூன்காரர் குழந்தைசாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒங்களுக்கு என்ன சார் முறை? பங்காளியா, மகனா? ஊரு என்னமும் சொல்லும். கட்டிங் பண்றேன், பேசாம இருங்க."

அதுவும் சரிதான். பங்காளிக்குத் தீட்டு உண்டு. மாமன் மச்சானுக்குக் கோடித்துணி போடும் உரிமை உண்டு. கூட்டாளிக்கு என்ன உண்டு? சுடுகாடு வரை போய்விட்டு மறுநாள் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியதுதான். இந்த முறையெல்லாம் வகுத்த மகராசனுக்குக் கூட்டாளி என்று ஒருத்தன் கிடையாது போலிருக்கிறது.

அவருக்கென்று கிடைத்தது ஒரே வேலை. "வாசல்ல வைக்க ஃப்ளெக்ஸ் அடிக்கணும்ணே. நல்ல படம் ஒங்ககிட்டதான் இருக்கும்" என்று நாகராசுவின் மனைவி அருணா கேட்டிருந்தாள். அதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

செல்போனில் தேடினால் ஒரே ஒரு படம்தான் தேறியது. தனியாக நிறுத்தினால் நாகராசுவுக்கு ஆதார் கார்டு மூஞ்சி வந்துவிடும். இந்தப் படத்தில்தான் சிரிப்பு. கண்மாய்க்கரை, வெற்றுடம்பில் துண்டு, கையில் முழங்கை நீள விரால். பக்கத்தில் ரகுநாத், தோளில் கை போட்டபடி.

கம்ப்யூட்டரில் இருந்த சத்யபிரியா மீனை வெட்டினாள். கண்மாயை வெட்டினாள். பிறகு ரகுநாத்தை வெட்டினாள். வெட்டியும் தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

"இது யார் கை சார்?"

"என்னுதுதாம்மா."

"வெள்ளச் சட்டை போட்டுர்றேன், மறைஞ்சிரும்" என்றாள். யாரோ ஒருவருடைய சட்டை நாகராசுவின் கழுத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. கை போய்விட்டது. "தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு சார். நேராக்கிரவா?"

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."

"கீழ பேரெல்லாம் சொல்லுங்க."

மனைவி, மகள், அண்ணன் தம்பிகள், பங்காளிகள் என்று வரிசையாகச் சொன்னார். தன் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார். எந்த முறையில் சொல்வது? சத்யபிரியாவே, "மற்றும் நண்பர்கள்னு போட்டுருவோம் சார்" என்று முடித்துவைத்தாள்.

மத்தியானம் தூண்டில் போடும் நேரத்துக்கு, சுருட்டிய ஃப்ளெக்ஸோடு நாகராசு வீட்டுக்குப் போனார். அண்ணன் தம்பிகள் சட்டம் அடித்து வாசலில் நிறுத்தினார்கள். அருணா நிலைப்படிக்கு வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குண்ணே. சிரிக்கிறாகள்ல" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஏன் இப்படிச் சாஞ்சிருக்காக? யாரு மேல சாஞ்சிருக்காக?" என்று கேட்டாள்.

'என் மேலதாம்மா' என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுகிற முகத்தை அருணாவுக்குக் காட்ட மனமில்லாமல் திரும்பி, ஃப்ளெக்ஸின் ஓரத்தில், நாகராசுவின் தலை சாய்ந்திருந்த பக்கமாகப் போய் நின்றார்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த தம்பி தாழ்மையாகத்தான் சொன்னான்: "சார், கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. பேரு மறைக்குது."

ரகுநாத் தள்ளி நின்றார்.