பெருத்த இதயமும் அஞ்சு குதிரை மோட்டாரும்

எண்பதுகளில் பாகூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். அங்கே மேடம் ஒருவர் எலி இதயங்களை ஆராய்ந்துவந்தார். எலியின் பெருந்தமனியில் நூலால் ஒரு சுருக்குப் போட்டால் சில வாரங்களில் இதயம் பெருத்துவிடும். பிறகு அதை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான உப்புக் கரைசலைச் செலுத்துவோம். வெளியே வந்தும் துடிக்கும். துடிப்பைப் புகை பூசிய தாளில் ஓர் ஊசி கிறுக்கும். அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் நல்ல இதயம் வேகமெடுக்கும். பெருத்த இதயத்தில் அந்தச் சேதியை வாங்கும் ஏற்பிகள் மந்தமாகிவிடும், அது அசைந்து கொடுக்காது என்பது மேடத்தின் கணிப்பு.

சுருக்குப் போட்ட எலிகளில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதன் இதயம் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வயலில் தண்ணீர் இறைக்க அஞ்சு குதிரைத்திறன் மோட்டார் போட்டார்கள். மின்சாரம் குறைந்து விளக்கு மங்கியது. கரைசலை வெதுவெதுப்பாக வைக்கும் வெந்நீர்த் தொட்டியின் சூடு முப்பத்தேழிலிருந்து முப்பத்து மூன்று டிகிரிக்கு இறங்கியது. துடிப்பு தளர்ந்தது. என்னுடையது தளரவில்லை, அதைத் தொங்கவிட்டிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு வரப்பில் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

"மாமா, அர மணி நேரம் மோட்டார நிறுத்துங்க. உள்ள ஒரு இதயம் நின்னுடும்."

"யாருக்குபா?"

"எலிக்கு."

வயல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் நெல்ல தின்ற எலிக்கு நான் கரண்ட் வுடணுமா? உன்ன பாத்தா உனக்குத்தான் மொதல்ல நின்னுடும் போல." நிறுத்தினார்.

திரும்பியபோது மேடம் அட்ரினலின் சொட்டை விட்டிருந்தார். தாளில் கோடுகள் நெருக்கியடித்தன.

"நல்லா வேகமெடுக்குது. நான் நெனச்சது தப்புதான் போல," என்றார். குரல் இறங்கியிருந்தது.

வெப்பமானியைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சூடு கூடினாலே துடிப்பு வேகமெடுக்கும். மின்சாரம் முழுசாக வந்துவிட்டது. நான் திருகிய திருகு அப்படியே இருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தேன்.

"மேடம், அது மருந்து இல்ல. நான்."

அவர் திட்டவில்லை. ஹீட்டரைத் திருகிக் குறைத்தார். பானைத் தண்ணீரை டம்ளர் டம்ளராகத் தொட்டியில் ஊற்றினேன். பாதி என் காலில். மருந்து கழுவிப் போகும்வரை காத்திருந்தோம். இரண்டு துடிப்பு தவறியது. பிறகு சீரானது. முப்பத்தேழு.

மறுபடி ஒரு சொட்டு. கோடுகள் லேசாக நெருங்கின, அதற்கு மேல் நெருங்கவில்லை, மேடம் கணித்தது போலவே.

"இப்ப எழுதிக்குங்க," என்றார் மேடம். அவசரத்தில் என் எழுத்தும் இதயத் துடிப்பு மாதிரியே விழுந்தது.

சற்று நேரத்தில் இதயம் ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல்காரர் குரல்: "இன்னாபா, பொழச்சிதா எலி?"

"மேடம் பொழச்சாங்க மாமா. மோட்டார போட்டுக்குங்க."