மைனரின் கறுப்புக் கண்ணாடி

எங்கள் தெருவில் அவனை மைனர் என்றுதான் சொல்வோம். இஸ்திரி கலையாத சட்டை, பையில் ஒரு சீப்பு, வேலை என்றதும் வந்துவிடும் இடுப்பு வலி. கல்யாணம் முடிந்து மாமனார் வீட்டோடு தங்க வந்தபோது அவன் கொண்டுவந்த சீர் அவ்வளவுதான். மாமனார் போடும் சோற்றைத் தின்றுகொண்டே அதில் உப்பு குறைவு என்பான்.

மாமனார் டிராக்டரில் ஊராருக்கு உழுது கொடுத்துப் பிழைத்தவர். முட்டி தேய்ந்து கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனதும் சாவியை மருமகன் கையில் கொடுத்தார். சுற்றிலும் கண்ணாடி வைத்த கேபின் உள்ள பழைய வண்டி அது. ஏசி எப்போதோ செத்துவிட்டது. மைனர் அரை நாள் ஓட்டினான்.

"அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு மாமா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன், அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அவன் மனைவி ஏறினாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு வயலுக்குப் போய்ப் பழகியவள். நூல் பிடித்தாற்போல் உழுவாள்.

அவனுக்கு அப்போது வராத வெட்கம், டீக்கடையில் ஒருவன் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் வந்தது.

"என்னப்பா, பொண்டாட்டி வெயில்ல வேகுறா, நீ நிழல்ல டீ குடிக்கிற?"

"கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டப் போறேன். ஒட்டினதும் நானேதான் ஓட்டுவேன், பாரு" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காருக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்கு டிராக்டரை மனைவியைவிட்டே ஓட்டிவரச் செய்து, அவளைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டான். கடைக்காரர் லேசான நிறத்தில் ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார்.

"இதுல வெளிச்சம் வரும், சூடு பாதி நின்னுடும். வயல்ல ஓட்டுறவங்களுக்கு இதுதான் சரி."

"இதைவிடக் கறுப்பா இல்லையா?"

"இருக்கு. மட்டமான சரக்கு. சூட்டைத் திருப்பி அனுப்பாது, தானே உறிஞ்சிக்கும். கண்ணாடி கொதிக்கும்."

"உள்ள யாரு இருக்காங்கன்னு வெளிய தெரியுமா?"

"மூக்கை ஒட்டி வச்சுப் பார்த்தாலும் தெரியாது."

"அதையே ஒட்டுங்க."

முன்கண்ணாடியைக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்து, "உனக்கு வெயில் படக்கூடாதுன்னுதான்" என்று மனைவியிடம் சொன்னான். அவள் நம்பினாள். அன்று கொட்டகை வாசலில் நின்று அந்தக் கறுப்புக் கண்ணாடியை அவள் தடவிப் பார்த்ததை நான் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன் பிறகு அவன் பிழைப்பு இதுதான். காலையில் கொட்டகைக்குள்ளேயே அவள் வண்டியில் ஏறிவிடுவாள். தெருவில் வரும்போது கறுப்புக் கண்ணாடி மட்டும்தான் தெரியும். வண்டி திரும்பும்வரை யார் கண்ணிலும் படக்கூடாதே! அதனால் பின்னறையில் ஃபேனைப் போட்டுத் தூங்குவான். சாயங்காலம் எழுந்து, பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கையில் கொஞ்சம் கிரீஸைப் பூசிக்கொண்டு டீக்கடைக்குப் போவான். தலை மட்டும் படிய வாரியிருக்கும்.

வயலில் வண்டியைப் பார்த்து, "என்ன மைனரே!" என்று தூரத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்த அன்று இரவு கேட்டாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், விடு" என்று புரண்டு படுத்துக்கொண்டான். கேபின் முன்னைவிடக் காய்கிறது, பின்னால் கலப்பை எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

கோடை உச்சியில் ஒருநாள் எங்கள் ஊர் மக்காச்சோளக்காரர் நிலத்தில் வேலை. பாதி உழவில் டிராக்டர் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோளக்காரரின் மனைவி, மைனர் தூங்கிவிட்டான் போல என்று திட்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். உள்ளே அவள் ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. அவரும் மக்காச்சோளக்காரருமாகத் தூக்கி நிழலில் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எங்கடி அவன்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே, "வீட்ல தூங்குறாருக்கா" என்றாளாம்.

அன்று மாமனார் வீட்டில் இல்லை. சேதி தெரிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மருமகனை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அவனோ தெருவில் எந்த டிராக்டரோ போன சத்தம் கேட்டு, நம்முடையதுதான் என்று எழுந்து, கிரீஸைப் பூசிக்கொண்டு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தான். நானும் அங்கே இருந்தேன். கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

"மக்காச்சோளக்காரர் நிலமா அது? கல்லு. ஒத்தை ஆளா இப்பதான் முடிச்சிட்டு வரேன்" என்றான்.

"வெயில் எப்படி?" என்றார் டீக்கடைக்காரர்.

"நமக்கென்ன? ஃபிலிம் போட்டிருக்கோம்ல, உள்ள ஜில்லுன்னு இருக்கு."

அவன் கண்ணில் படாமல் மூலையில் இருந்த மக்காச்சோளக்காரர் எழுந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"ஜில்லுன்னு இருந்ததாலதான் உன் பொண்டாட்டி மயங்கி விழுந்தாளா? குளுக்கோஸ் ஏத்திக்கிட்டிருக்காங்க."

அவன் முகம் வெளுத்தது. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். அப்போதாவது எழுந்து ஓடுவான் என்று நினைத்தோம்.

"அப்ப வண்டி எங்க நிக்குது?" என்றான்.

டீக்கடைக்காரர் அந்த கிளாஸை எடுத்து, மிச்ச டீயை வாசலில் கொட்டினார். "எழுந்து போ" என்றார். அதற்கு முன் அவர் வாடிக்கையாளரை விரட்டி நான் பார்த்ததில்லை.

அவள் வீடு திரும்பியதும் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். சோப்புத் தண்ணீரும் பிளேடும் வைத்து, கறுப்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். உதவிக்கு வந்த புருஷனை, "நீங்க போய்ப் படுங்க" என்றாள். கத்தவில்லை. கடைக்காரர் முதலில் காட்டிய ஃபிலிமையே ஒட்டினாள். இப்போது அவள் உழுவது ரோட்டிலிருந்தே தெரிகிறது. மத்தியான வேலையை விட்டுவிட்டாள்.

அவன் திருந்தினானா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இங்கே யாரும் பேசாததால் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் டீ குடிக்கிறான். அங்கே தனக்கு இரண்டு டிராக்டர் ஓடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறானாம்.