பட்டன் நைட்டி கேட்ட பல்லவி

கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நளினி இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணமான மறு வருஷத்திலிருந்தே, இந்த ஊரில் பாதிப் பேரைப் போல, மாரிகுப்பத்தில் காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய்வந்தாள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. நின்றபடியே தூங்கும் வித்தை அந்த ரயிலில் அவளுக்குக் கைவந்தது. முதுகெலும்பில் தட்டு நழுவியிருக்கிறது, இனி இத்தனை நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது.

"இனிமே இன்னா பண்ணப்போற?" என்று கேட்டான் கணவன் வாசு. அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. இருக்கும், இல்லாமலும் போகும்.

"நைட்டி தைக்கிறேங்க. எல்லாரும் ஃபோன்லயே வித்துகினு கீறாங்க. நம்ம விக்க முடியாதா?"

வாசுவின் சித்தி மகன் உதய் ராபர்ட்சன்பேட்டையில் செல்போன் கவர், சார்ஜர் எல்லாம் ஆன்லைனில் விற்கிறவன். அவன்தான் வந்து உட்கார்ந்து, விற்பனை ஆப் ஒன்றில் அவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தான். நீலக் கதவில் ஆணி அடித்து நைட்டியை மாட்டிப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தான். முதல் ஆர்டர் ராய்ச்சூரிலிருந்து வந்தது. முகம் தெரியாத ஒருத்தி, தான் தைத்ததைக் கேட்கிறாள் என்பதை நளினியால் நம்பவே முடியவில்லை. அந்த நைட்டியை இரண்டு முறை பிரித்துத் திரும்ப இஸ்திரி போட்டு அனுப்பினாள்.

கஷ்டம் மெதுவாகத்தான் தொடங்கியது. ஒருத்தி, துணியில் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கிறது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டாள். அது உண்மைதான். காற்று அடிக்கிற நாளில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சைனைட் மேட்டுத் தூசி கொடித் துணியை விடாது. அன்றிலிருந்து துணியை வீட்டுக்குள்ளேயே காயவைத்தாள். இன்னொருத்தி ஏதோ விசேஷத்துக்குப் போன ஊரில் இரவு போட்டுக்கொண்டுவிட்டு, 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்பினாள். மடிப்பில் வாடின மல்லிகைப்பூ இருந்தது. அதற்கப்புறம் வந்த ஒரு ரிட்டர்ன் பார்சலைப் பிரித்தால் உள்ளே அவளுடைய நைட்டியே இல்லை. யாரோ கட்டிக் கிழித்த பழைய பாவாடை இருந்தது. நளினி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுதுகினு இருந்தா வியாபாரம் ஆவாது அண்ணி" என்றான் உதய். "நீங்க ரொம்ப மரியாதையா பேசறீங்க. அதான் ஏறி மிதிக்கிறாங்க. கஸ்டமர்னா மொதல்ல சந்தேகப்படணும். அப்புறம்தான் பதில் சொல்லணும்."

தங்கவயல், பங்காருபேட்டை, கோலார் பக்கத்து ஆன்லைன் விற்பனையாளர்கள் நடத்தும் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் அவளையும் சேர்த்துவிட்டான். ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களின் பெயரை, விலாசத்தை அதில் போடுவார்கள். இன்னார் சேலையைக் கட்டிப் பார்த்துத் திருப்பினார், இன்னார் உடைந்த ஜாடியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து அனுப்பினார் என்று. கூடவே சிரிப்புப் பொம்மைகள். ஒண்டியாக அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்தக் குழு பெரிய ஆறுதலாக இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்கிறபோதுகூட அதைத்தான் படித்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் அவளே அதில் எழுத ஆரம்பித்தாள். பெண்கள் வாங்குகிற சாமானைப் பற்றி அவள் எழுதும் கிண்டலுக்கு அங்கே ரசிகர்களே இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்லவி என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளர் ஆப்பில் கேள்வி கேட்கத் தொடங்கினாள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியைப் பற்றி.

பட்டன் இடுப்பு வரைக்கும் இருக்குமா? கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள முடியுமா? உள்பக்கத் தையல் குத்துமா? துணி முரடா, மெதுவா? பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வந்தது. கடைசியாக, 'கறை பட்டால் தெரியாத கலர் எது?' என்றாள்.

நளினி வாசுவிடம் ஃபோனைக் காட்டினாள். "பாருங்க. கறை தெரியாத கலர் வேணுமாம். போட்டுகினு திருப்பி அனுப்பப்போறாள்னு இப்பவே தெரியுது."

"எதுக்குக் கேக்கறாங்களோ" என்றான் வாசு. அவன் அவ்வளவுதான் பேசுவான்.

'மெரூன்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாள் நளினி. ஆர்டர் வந்தது. விலாசம் பங்காருபேட்டை. அதே நாளில் ஹாசனிலிருந்தும் ஒரு மெரூன் நைட்டிக்கு ஆர்டர் வந்திருந்தது. அது ஜிப் வைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மடித்துப் பாக்கெட் போட்டாள். கூரியர்காரர் வாசலில் வண்டியை நிறுத்தாமலே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து பல்லவியின் புகார் வந்தது. 'பட்டன் கேட்டேன், ஜிப் வந்திருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் மாற்றித் தாருங்கள், அவசரம்.' படமும் போட்டிருந்தாள். படத்தில் இருந்தது ஜிப் நைட்டிதான். ஆனால் நளினிக்கு அந்தப் பழைய பாவாடைதான் ஞாபகம் வந்தது. வேறு எப்போதோ வாங்கின ஜிப் நைட்டியைப் படம் பிடித்து, புதுசாக இன்னொன்று கறக்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தாள். பாக்கெட்டைத் தான் மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் ஒரு கணம் தலைகாட்டத்தான் செய்தது. காலர் வைத்த காலத்தில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வராத கை இது என்று அதை ஒதுக்கினாள்.

'நாங்கள் சரியானதைத்தான் அனுப்பினோம்' என்று எழுதினாள். பல்லவி மறுபடி கெஞ்சினாள். நளினி, உதய் கொடுத்திருந்த வாசகத்தை அப்படியே ஒட்டினாள்: 'உங்களைப் போல் நிறையப் பேரைப் பார்த்தாகிவிட்டது.'

நைட்டி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், மார்புப் பக்கம் ஜிப்பை ஒட்டி, துவைத்தும் போகாத ஒரு கறை. மெரூன் துணியிலும் தெரிந்தது. தையல் தன்னுடையதா என்று அவள் திருப்பிப் பார்க்கவில்லை. நளினிக்குக் கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. தான் நினைத்தது சரியாகிவிட்ட சந்தோஷம். படம் எடுத்து, 'உபயோகித்த பொருள்' என்று ஆப்புக்கு அனுப்பினாள். அவர்கள் பல்லவியின் புகாரைத் தள்ளிவிட்டார்கள். நளினி அதோடு நிற்கவில்லை. கறை தெரிகிற படத்தையும், பார்சலில் இருந்த பெயர் விலாசத்தையும் குழுவில் போட்டாள். 'கறை தெரியாத கலர் கேட்ட மகாராணி இவங்கதான். பங்காருபேட்டை ஆளுங்க ஜாக்கிரதை' என்று எழுதினாள். அன்று அவள் எழுத்துக்கு விழுந்த அளவு சிரிப்பு அதற்கு முன்னால் விழுந்ததில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஹாசனுக்குப் போன பார்சல் திரும்பி வந்தது. கொஞ்ச நாள் ஊரில் இல்லை, இப்போதுதான் பிரித்தேன், ஜிப் கேட்டதற்குப் பட்டன் வந்திருக்கிறது என்று அந்த அம்மாள் நல்ல மாதிரியாகவே எழுதியிருந்தாள். நளினி கவரைப் பிரித்தாள். மெரூன். இடுப்பு வரை பட்டன்.

வாசு வேலை முடிந்து வந்தபோது அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"நான்தாங்க மாத்திட்டேன்" என்றாள்.

குழுவில் போட்ட படத்தை அழிக்கப் பார்த்தாள். நேரம் கடந்துவிட்டதால் எல்லோருடைய ஃபோனிலிருந்தும் அழிக்க முடியாது என்று அது சொல்லிவிட்டது. உதயைக் கூப்பிட்டாள். "யாரு ஞாபகம் வெச்சிருக்கப்போறாங்க அண்ணி, வுடுங்க" என்றான். அவளால் விட முடியவில்லை. மறுநாள் காலையில் பட்டன் நைட்டியை எடுத்துக்கொண்டு பங்காருபேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

விலாசம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் ஒரு சின்னத் தெரு. கதவைத் திறந்தவளுக்கு நளினியைவிட வயது குறைவு. ஆண்பிள்ளையின் பெரிய அரைக்கைச் சட்டை ஒன்றைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்தியிருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"பல்லவிங்களா? நான் மைசூர் மைன்ஸ்ல இருந்து வர்றேங்க. நைட்டி விக்கிற நளினி."

பல்லவி அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க. எதிர் வீட்ல பார்த்துகினு இருப்பாங்க" என்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்பது அவள் தமிழில் தெரிந்தது.

நளினி உட்காரவில்லை. "தப்பு என்னுதுங்க. பாக்கெட் மாறிப்போச்சு. உங்களுது வேற ஊருக்குப் போயி இப்பதான் திரும்பி வந்துச்சு."

"நான் சொன்னேனே."

"சொன்னீங்க."

"ஃபோட்டோகூட அனுப்பினேன்."

"பார்த்தேங்க. நம்பல."

பல்லவி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நளினி பயந்துகொண்டே வந்திருந்தாள். அவள் களைத்த குரலில்தான் பேசினாள்.

"மார்ல கட்டி அக்கா. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்து வர்ற அன்னிக்குப் போட்டுக்கத்தான் அத வாங்கினேன். கை தூக்க வராது, பக்கத்துல டியூப் வேற இருந்துச்சு. பார்சல பிரிச்சே பார்க்காம பையில வெச்சு எடுத்துனு போயிட்டார் என் வீட்டுக்காரர். அங்க வேற துணி இல்ல. அதத்தான் போட்டுகினு வந்தேன். ஜிப்பு தையல்ல உரசி உரசி..." அவள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "துவைச்சுதான் அனுப்பினேன். போகல."

"இப்படின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று நளினி ஆரம்பித்தாள். சொல்லும்போதே அது எவ்வளவு தப்பான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிச் சொல்றது? கடையில கேக்க வெக்கப்பட்டுதான் ஃபோன்ல வாங்கினேன். பொம்பள பேரு போட்டிருந்துச்சு. கேக்கறத வெச்சே புரிஞ்சிக்குவாங்கனு நினைச்சேன்."

நளினி தலையைக் குனிந்துகொண்டாள். கேள்விகள் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தன. கையைத் தூக்காமல் போட முடியுமா. உள்தையல் குத்துமா. எந்தக் கலரில் கறை தெரியாது.

"அந்த குரூப்ல போட்டீங்களே, அது என் நாத்தனார் ஃபோனுக்கு வந்துச்சு" என்றாள் பல்லவி. "இது நீதானானு கேட்டா. நான் வேலை செய்யற நர்சரி ஸ்கூல்ல ஆயாவரைக்கும் பார்த்துட்டாங்க. எனக்கு இன்னா ஆப்பரேஷன்னு எங்க வீட்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். குடல்ல ஆப்பரேஷன்னு சொல்லி வெச்சிருந்தோம். இப்ப நான் ஏமாத்துக்காரி இல்லனு காட்டறதுக்கு எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்தக் கறை எங்க இருந்து வந்துச்சுனு சொன்னாத்தானே நம்புவாங்க?"

வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.

நளினி நைட்டியை மேஜைமேல் வைத்தாள். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வந்தாள், பாதியில் விட்டுவிட்டு அதை அவள் பக்கம் நகர்த்தினாள். பல்லவி ஒற்றைக் கையால் நைட்டியை இழுத்துப் பார்த்தாள். ஒரு பட்டனைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

"வெச்சிட்டுப் போங்க. டிரஸ்ஸிங் பண்ண நர்ஸ் வர்ற நேரம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நளினி குழுவில் எழுதினாள். பாக்கெட்டை மாற்றியது தான்தான், அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, படத்தை யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்று. கறை எப்படி வந்தது என்று மட்டும் எழுதவில்லை. அதைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது. சிலர் கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ உடைந்த ஃபேன் படத்தைப் போட, பேச்சு அதற்குத் தாவிவிட்டது. முதல் படம் தெருத் தெருவாகப் போன மாதிரி இந்த வார்த்தைகள் எங்கும் போகவில்லை. நளினி குழுவிலிருந்து வெளியே வந்தாள்.

வாசு ஆறுதல் சொல்லப் பார்த்தான். "தெரியாம நடந்ததுதானே. வேணும்னா பண்ண?"

"பாக்கெட் மாறினது தெரியாமத்தான்" என்றாள் நளினி. "படத்தப் போட்டது தெரிஞ்சிதானே?"



பல்லவிக்கு ஆப் வழியாக நீளமாக ஒரு செய்தி எழுதினாள். உடம்பு எப்படி இருக்கிறது, இன்னும் இரண்டு தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம், உள்தையலே இல்லாமல் மெத்தென்று தைக்கிறேன், எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றெல்லாம். பதில் வர நாளாயிற்று. 'பட்டன் நன்றாக இருக்கிறது. இனிமேல் மெசேஜ் செய்யாதீர்கள்' என்று மட்டும் வந்தது.

நளினி இப்போதும் விற்கிறாள். வாடிக்கையாளர்களில் ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன மாதம்கூட ஒரு ரிட்டர்ன் பார்சலில் வெறும் செய்தித்தாள் வந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பங்காருபேட்டையிலிருந்து அவளுக்கு அப்புறம் ஆர்டர் எதுவும் வரவில்லை. பல்லவி வேலைக்குத் திரும்பினாளா, உடம்பு தேறியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆனால், மெசேஜ் செய்யாதீர்கள் என்று சொன்னவளைப் பற்றி இன்னொருவரிடம் விசாரிப்பதும் அவள் பேச்சை மீறுவதுதான் என்று நினைத்து, கேட்காமலே இருக்கிறாள்.