தலைவரின் கழுத்தும் கொரியக்காரர்களின் சர்வீஸும்

எங்கள் வாலிபால் சங்கத் தலைவர் பந்தைக் கையால் தொட்டதெல்லாம் துவக்க விழாக்களில்தான். போட்டோகிராபர் தயாராகும்வரை பந்தைத் தொந்திமேல் அணைத்தபடி நிற்பார். படம் எடுத்ததும் யாரிடமாவது தள்ளிவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொள்வார். இப்படி ஒரு மனிதருக்குக் கீழே தொண்ணூறுகளில் பல வருஷம் ஆடினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

நான் பின்வரிசை ஆட்டக்காரன். எதிராளி போடும் சர்வீஸை இரண்டு முன்கைகளையும் சேர்த்து வாங்கி, வலையோரம் நிற்பவன் தலைக்கு மேலே பதமாக எழுப்பித் தர வேண்டும். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். பந்தை அறைகிறவனுக்குத்தான் தட்டுவார்கள். பகலில் தி. நகரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த குமாஸ்தா வேலை, சாயங்காலம் மைதானம் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கொரியாவிலிருந்து ஒரு டீம், வேறு நாட்டுக்குப் போகிற வழியில் மெட்ராஸில் இறங்கி எங்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடப்போவதாகச் செய்தி வந்தது. ஏதோ கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் டீம். எங்களைப் போல ஃபைலைக் கட்டிவைத்துவிட்டு ஓடிவருகிறவர்கள் இல்லை, வாலிபால்தான் அவர்களுக்கு உத்தியோகமே. கொரியர்கள் ஆடுவதை வீடியோ கேசட்டில் பார்த்திருக்கிறேன். எல்லைக் கோட்டுக்கு வெகு பின்னாலிருந்து பந்தை உயரே எறிந்து, ஓடிவந்து எகிறி, அந்தரத்திலேயே ஓங்கி அறைவார்கள். நாங்களோ நின்ற இடத்திலிருந்தே சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தோம். அப்படி எகிறி அடிக்கிற பந்து ஒன்றையாவது கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஜெயிப்போம் என்றெல்லாம் எனக்குக் கனவு இல்லை.

எங்கள் டீமில் அடிக்கிறவன் ஒருவன் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் குடியிருந்தான். அவனைத் தினமும் விடியற்காலையில் எழுப்பி, அங்கிருந்த பழைய தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்றிவிடுவேன். மேலே நின்று பலம் கொண்ட மட்டும் அடிப்பான். நான் கீழே நின்று வாங்குவேன்.

"மச்சி, உன் கை வீங்கிக்கினு போவுது. போதும், வுடுடா" என்பான்.

"இன்னும் ஒண்ணு போடு."

"உனக்கு இன்னா பைத்தியமா? அவனுங்க இதைவிட ஜோரா அடிப்பானுங்கடா."

அதனால்தான் அடிக்கச் சொன்னேன். ஆபீஸில் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு கையை மறைத்தேன்.

ஆட்டத்தன்று மைதானத்துக்குள் நுழைந்தவுடனே எனக்கு வயிறு எரிந்தது. எல்லைக் கோட்டுக்கு இரண்டடி பின்னால் வரிசையாகச் சோபா போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்ப வேண்டுமாம், தலைவருக்குக் கழுத்து வலிக்குமாம். எதிர்முனைக் கோட்டுக்குப் பின்னாலும் அதே மாதிரி சோபா. சங்கத்தில் இரண்டு கோஷ்டி உண்டு. தலைவருக்குச் சோபா என்றால் உபதலைவருக்கும் சோபா போட்டாக வேண்டும், ஆனால் இருவரும் ஒரே பக்கம் உட்கார மாட்டார்கள். வாலிபால் ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிறவன் எங்கே நிற்பான் என்று இரண்டு கோஷ்டியிலும் ஒரு ஜென்மத்துக்குக்கூடத் தோன்றவில்லை.

செயலாளரிடம் ஓடினேன். "சார், சோபாவை ஒரு பத்தடி பின்னால தள்ளச் சொல்லுங்க. அவங்க ஓடிவந்து சர்வீஸ் போடுறவங்க."

"தலைவர் உட்கார்ந்துட்டாருப்பா. இப்ப எழுந்திருங்கன்னு நான் போய்ச் சொல்றதா? உனக்குத்தானே நல்லது, மெதுவா போடுவான்" என்றார்.

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

பேச்சுகள் தொடங்கின. பொன்னாடைமேல் பொன்னாடையாகப் போர்த்தி, அந்தக் கொரியக் கோச்சை வெயிலில் வேக வைத்தார்கள். அவருடைய ஆட்டக்காரர்கள் அதற்குள் வரிசையாகக் குனிந்து தரையில் கிடந்த பொடிக் கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். உலகம் சுற்றுகிற ஆட்டக்காரர்கள் எங்கள் களத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சோபாவில் ஒருவர், "பாவம், அவங்க ஊர்ல இதுக்கெல்லாம் ஆள் கிடையாது போல" என்று சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அவமானமாக இருந்தது.

கோச் சோபாவைக் காட்டி, பின்னால் நகர்த்த முடியுமா என்று சைகையில் கேட்டார். கோச் தன்னைத்தான் வணங்குகிறார் என்று தலைவர் நினைத்துக் கும்பிட்டார். கோச் திரும்பி நடந்தார். பிறகு தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே, எங்களைப் போலவே, சர்வீஸ் போட்டார்கள். முதல் இரண்டு செட்டும் அப்படியே அவர்களுக்குப் போயின. வந்த பந்தையெல்லாம் சுலபமாக வாங்கினேன். சோபாக்காரர்கள் "சபாஷ்" என்றார்கள். ஒவ்வொரு சபாஷுக்கும் எனக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாவது செட்டில், இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. சர்வீஸ் போட வந்தவன் ஒரு ஒல்லி உயரக்காரன். கோட்டருகே நிற்காமல், தலைவரின் சோபாவுக்கும் அடுத்த சோபாவுக்கும் நடுவே குளிர்பானம் கொண்டுவர விட்டிருந்த சந்து வழியாகப் பின்னால் போனான். ரெஃபரி விசில் கொடுத்ததும் பந்தை எறிந்தான், அந்தச் சந்துக்குள் ஓடிவந்தான், எகிறினான்.

தண்ணீர்த் தொட்டிமேலிருந்து வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பந்து வந்ததையே நான் முழுசாகப் பார்க்கவில்லை. இடது பக்கம் சரிந்து விழுந்தேன், கையில் தீப்பட்டது போல இருந்தது. நிமிர்ந்தபோது பந்து வலையோரம் நின்றவன் தலைக்கு நேர்மேலே, சாதுவாக, உயரே எழும்பிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. யாருமே அசையவில்லை. விசில் ஏற்கெனவே ஊதியாகிவிட்டது.

காதோரம் ஒருவன் ஓடியதில் தலைவர் அலறிக் குளிர்பானத்தை வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த அலறலில் பதறிப்போய் எங்கள் சங்கத்து ரெஃபரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "திரும்பப் போடச் சொல்லு! ஒழுங்கா நின்னு போடச் சொல்லு!" என்று தலைவர் கத்தினார். அந்த சர்வீஸ் கணக்கில் இல்லை என்று ரெஃபரி கையசைத்தார்.

ஒல்லி உயரக்காரன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு கோட்டருகே நின்று, குழந்தைக்குப் போடுவது போலப் பந்தை வலைக்கு மேலே தள்ளிவிட்டான். ஆத்திரத்தில் நான் தலைவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சப்பைப் பந்து என் மணிக்கட்டில் பட்டு மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

தலைவர் ஈர வேட்டியோடு எங்கள் வரிசைக்கு வந்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார். என்னிடம் வந்ததும் தோளில் தட்டினார்.

"பயந்துட்டியா தம்பி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னும் மெதுவா போடச் சொல்லியிருப்பேனே."