பல் டாக்டரின் கிரிம்பிங் டூல்

ஆயர் கைபேசியில் அழைத்தபோது, ஒரு மின்கம்பியின் நுனியில் சிறிய உலோகப் பின்னைப் பொருத்த நான் போராடிக்கொண்டிருந்தேன். "தமிழய்யா, நம்ம பல் டாக்டர் தவறிப்போயிட்டாருங்க" என்றார். அக்குடும்பத்தின் ஆறுதலுக்காக மன்றாட வேண்டிய அந்த நொடியில், பின்னைக் கம்பியோடு அமுக்கிப் பிணைக்கும் அவருடைய கிரிம்பிங் டூல் இனி யாருக்குப் போகும் என்றே என் மனம் முதலில் கேட்டது. கணபதிப் பகுதியில் டாக்டர் ஞானசீலனை அறிந்த சபையாரே, உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை. என் பொறாமை உங்களுக்குப் பழைய செய்தி.

முதுமையில் எங்கள் இருவரையும் ஒரே பித்துப் பிடித்தது: சிறு மின்னணுப் பொருள்களைச் செய்து பார்ப்பது. ஆலயத்தில் பாட்டு எண்ணைச் சிவப்பு விளக்கில் காட்டும் பலகை நான் செய்தது. வெண்பாவில் தளை தட்டாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த எனக்குக் கம்பியில் அது கைவரவில்லை. ஒரு திருமணத்தன்று இணைப்பொன்று நழுவிப் பலகையில் எட்டு ஆறாயிற்று. சபையில் பாதிப்பேர் அடக்க ஆராதனைப் பாட்டைத் தொடங்கினர். மணமகன் சிரித்தான், பெண்ணின் தந்தை சிரிக்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் வந்து எல்லாப் பின்களையும் புதிதாகப் பொருத்தினார். அன்றுமுதல் அது "டாக்டர் போர்டு". செய்தவன் நான்.

அந்த டூலை அவர் வாங்கியபோது உடனிருந்தவனும் நானே. டவுன்ஹால் பக்கத்துக் கடையொன்றில், பெயர்பெற்ற டூலின் விலையைக் கேட்டு இருவரும் பின்வாங்கினோம். மலிவானவை ஒரு கூடையில் கிடந்தன. டாக்டர் சட்டைப் பையிலிருந்து, பல் கட்டியபின் கடி சரிபார்க்கும் நீலத்தாளை எடுத்து, ஒவ்வொரு டூலின் வாயிலும் வைத்து அமுக்கலானார்.

"ஏனுங்க டாக்டர், டூலுக்கும் பல்லுப் புடுங்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"புடுங்கலீங்க. கோணவாயனக் கட்டிட்டு அப்பறம் யாரு மாரடிக்கறது?"

தாளில் தடம் சமமாக விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, நீலத்தாளை என்னிடம் நீட்டினார். வேண்டாமென்றேன். அதே கூடையில், அதே நிறத்தில், பளபளப்பைப் பார்த்து நான் ஒன்றை எடுத்தேன். கோணவாயன் எனக்கு வாய்த்தான்.

"டூலு கடிக்கோணும் தமிழய்யா, மெல்லக் கூடாதுங்க. உங்குளுது வெத்தலை மெல்லுது" என்பார், என் வேலையைப் பார்க்கும்போதெல்லாம். இச்செயலுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்லை நான் அகராதி அகராதியாகத் தேடிக்கொண்டிருந்தேன். 'கடி' என்பது அவர் வாயில் போகிறபோக்கில் வந்தது. டூலைவிட இதற்கே அதிகம் வெந்தேன்.

இரவல் கேட்டால், "டூலு தர மாட்டனுங்க, கம்பியக் கொண்டாங்க" என்பார். பலர் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. பிறனுடைய வீட்டையும் எருதையும் கழுதையையும் இச்சிக்கலாகாது என்னும் கட்டளையைச் சபையில் பலமுறை விளக்கியவன் நான். கழுதை வரை எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

அடக்கம் முடிந்த சில நாள்களில் அவர் மனைவி எஸ்தர் அம்மாளைக் காணச் சென்றேன். ஜெபித்தோம். பிறகு, வேறெதையோ கேட்பவன்போல டூலைப் பற்றிக் கேட்டேன்.

"அது என்ற கைக்குப் பழகிப்போச்சுங்க" என்றார் அவர். "அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதுமே கிளினிக்க மூடிப்போட்டாரு. அதுக்கப்பறம் கம்பியையும் பின்னையும் அவரு வெச்சுப் புடிப்பாரு, நாந்தான் அமுக்குவேன். வெளிய சொன்னா ஒத்துக்குவாரா? ஏனுங்க ஐயா, கம்பி கொண்டாந்தீங்களா?"

அண்மைக் காலமாக நான் வெந்து பார்த்த இணைப்புகள் நடுங்கும் கையொன்றும் அதை நம்பிய கையொன்றும் சேர்ந்து செய்தவை. என் மனைவி கர்த்தரிடம் சென்று வெகுகாலமாயிற்று. டூலின்மேல் இருந்த பொறாமை எனக்கு அங்கேயே அற்பமாகிவிட்டது. அதனினும் பெரியதொன்று, அந்த இரு கைகளின்மேல், வந்து அமர்ந்தது.

மறுநாள் கம்பிகளுடன் சென்றேன். மேசையருகே டாக்டரின் நாற்காலியைக் காட்டினார். பின்னை நான் பிடிக்க, அவர் அமுக்கினார்.

"ஆடாமப் புடிங்க ஐயா. உங்களுக்கு அவரே பரவால்லீங்க" என்றார்.

டூல் எனக்குக் கிடைக்கவில்லை. நடுக்கத்திலும் என்னைவிட நேராகப் பிடித்த ஒரு மனிதர்மேல் உள்ள பொறாமை மட்டும் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். கர்த்தரே கேட்டாலும் சற்றுத் தயங்கித்தான் கொடுப்பேன்.