முப்பத்தொரு நாற்காலியும் ஒரு மறதியும்

ஹெர்மீனாவிடம் பனிச்சறுக்குக் கோலைக் கொடுத்து, "இதுல அழகா ஏதாவது வரைஞ்சு கொடு" என்று கேட்பவர் யாசென்கா என்ற மலையூருக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். பழைய ஆட்கள் கோலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். என்ன வரைவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். வரைந்தது அழகாக இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மரியாதையாக இருக்குமா என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பேற்க முடியாது.

ஊர்த் தலைவர் பொஹூஷ், தேர்தலுக்குத் தேர்தல் பாலம் கட்டித் தருவதாகச் சொல்கிறவர். அவர் கோலில் மேலிருந்து கீழ்வரை பதினாறு கோழிகள் வாயைப் பிளந்து கொக்கரிக்கின்றன. ஒன்றின் கீழும் முட்டை இல்லை. மருந்துக்கடை செலெஸ்டீனாவின் கோலில் வரிசையாகச் சாவித்துவாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கண். எந்த வீட்டுச் சண்டையும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

ஏன் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், ஹெர்மீனாதான் மலையுச்சிக் குடிலின் சமையல்காரி. சரிவு முழுக்க முட்டைக்கோஸ் சூப் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். யார் கிண்ணத்தில் கரண்டி அடியாழம் வரை போய் தொத்திறைச்சித் துண்டோடு வரும், யார் கிண்ணத்தில் மேலாகத் தண்ணீரை மட்டும் அள்ளும் என்பது அவள் கையில் இருக்கிறது. தவிர, குடில் வாசலில் பனியில் குத்தி வைத்த கோல்கள் நாற்பது ஜோடி இருக்கும். இரண்டு கிளாஸ் பொரொவிச்கா சாராயம் உள்ளே போன மனுஷன் வெளியே வந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கோழிக்கோலை மட்டும் இதுவரை ஒருவரும் மாற்றி எடுத்ததில்லை.

பனி விழுவதற்கு முன், அக்டோபரில் அவள் வேலை ஆரம்பமாகும். சமையலறை மேஜையில் செய்தித்தாளைப் பரப்பி, கோலை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிரைமர் அடித்து, எனாமலில் படம் போட்டு, மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு பூசித் துணிக்கொடியில் தொங்கவிடுவாள். தாங்களே வரைந்து பார்க்கிறோம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அவள் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"நீட்டிக் குறைக்கிற கோலா இருந்தா மூட்டுலயும் அதுக்குக் கீழயும் டேப்பைச் சுத்திட்டு அப்புறம் பெயிண்டைத் தொடுங்க. அடிக்குழாய் மேல்குழாய்க்குள்ள போகணும். அங்க பெயிண்ட் ஏறிச்சுன்னா கோல் நீட்டினது நீட்டினபடியே நிக்கும். இது தெரியாதவன் பிரஷ்ஷைத் தொடக்கூடாது."

இப்படி ஊரையே வரைந்து தள்ளியவளுக்கு ஒரே ஒரு ஜோடிக் கோல் மட்டும் வசப்படவில்லை. அது அவள் புருஷன் வெண்டெலினுடையது.

வெண்டெலின், கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைக்கு ஏற்றும் லிஃப்டை இயக்குகிறவன். குள்ளம். பேச்சும் அந்த அளவுக்குத்தான். அவன் கோல்கள் வாங்கின நாளிலிருந்து மொட்டை அலுமினியம். கல்யாணமான புதிதில் ஹெர்மீனா ஒருமுறை கேட்டாள். "கோல் கோலாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்விட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. ஊரே கொண்டாடுகிற கையை வீட்டுக்காரன் மதிக்கவில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இனி அவனாக வந்து கேட்டால் ஒழியத் தொடுவதில்லை என்று சபதமும் போட்டாள். அவன் கேட்கவில்லை. இவள் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியே முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் பிப்ரவரியில் வெண்டெலினுக்கு அறுபது வயது. பிறந்தநாளன்றே ஊரின் ஏறு நாளும் வந்தது. அன்று லிஃப்டை மதியம்வரை நிறுத்திவிட்டு, எல்லோரும் சறுக்குப் பலகைக்கு அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு கீழிருந்து குடில்வரை நடந்தே ஏறுவார்கள். ஹெர்மீனாவின் சபதம் அதற்கு ஒரு வாரம் முன்பே ஆட்டம் கண்டது. அவன் வேலைக்குப் போனதும் கோலை எடுத்து மேஜையில் போட்டாள்.

இடது கோலில் லிஃப்ட் நாற்காலிகளை வரைந்தாள். வருஷத்துக்கு ஒன்று, கைப்பிடியிலிருந்து நுனிவரை முப்பத்தொன்று. முதல் நாற்காலியில் அவளேதான், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு. வேலை கேட்டு வந்த அன்று அவள் லிஃப்டில் தூங்கிப்போய் மூன்று சுற்று சுற்றினாள். வெண்டெலின் எழுப்பாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தடுத்து கைக்குழந்தையாய் ஓலம் போட்டபடி மகள் தமாரா, மூட்டை முடிச்சோடு ஹெர்மீனாவின் அம்மா, மாவுக்கட்டுக் காலோடு வெண்டெலின் என்று ஒவ்வொரு வருஷமும் இறங்கியது. அத்தனைக்கும் இடம் வேண்டுமே என்று இரண்டு கோலையும் முழு நீளத்துக்கு இழுத்து வைத்திருந்தாள். வலது கோலுக்கு வரும்போது பொறுமை தீர்ந்துவிட்டது. நாலைந்து ஊசியிலை மரங்களை நட்டு முடித்துக்கொண்டாள்.

பிறந்தநாள் காலையில் கோல்களைத் துணியில் சுற்றிக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும் முன்பே சாமான் ஏற்றும் வண்டியில் குடிலுக்குப் போய்விட்டாள். நேரில் நின்று அவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. லிஃப்ட் கொட்டகையில் வாடகைக்கு விடும் மொட்டைக் கோல்கள் ஐம்பது ஜோடி உண்டு. பிடிக்கவில்லை என்றால் அவன் எதுவும் சொல்லமாட்டான், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அப்படி வந்தால் இந்த ஜென்மத்தில் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். வெங்காயம் அன்று வழக்கத்தைவிடப் பொடியாக விழுந்தது.

பதினொரு மணிக்குள் முக்கால்வாசிப் பேர் ஏறி வந்துவிட்டார்கள். மலை மீட்புக் குழுவில் இருக்கும் யார்மில் என்பவன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடி சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வர்றார். யார்கிட்ட சரணடையப் போறார்னு தெரியலையே!"

ஹெர்மீனா தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தாள். முதலில் தெரிந்தது நீலம், அந்தக் கோல்களுக்கென்று அவள் குழைத்த நீலம். கொண்டு வந்துவிட்டான்! கால் தரையில் பாவவில்லை. அடுத்து கண்ணில் பட்டது கைகள். அவை அவன் காதுக்கு மேலே இருந்தன. கோல்கள் இழுத்து வைத்த நீளத்திலேயே நின்றன. டேப் ஒட்ட மறந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள், கோலின் மூட்டிலும் சேர்த்து மூன்று பூச்சு எனாமலும் இரண்டு பூச்சு வார்னிஷும் அடித்து வைத்திருக்கிறாள்.

வெண்டெலின் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். வாசலில் கூடியிருந்தவர்கள் விடுவார்களா?

"மாமா, சுடமாட்டோம், கையை இறக்குங்க!"

"கோல் இறங்கலையே, நான் எங்க இறக்கறது?" என்றான் வெண்டெலின்.

பொஹூஷ் கோழிக்கோலை ஊன்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார். தலைவர் பதவி கிடைத்த அன்றுகூட அவர் முகத்தில் இத்தனை பூரிப்பு இல்லை.

"ஹெர்மீனா, எனக்கு ஒரு சந்தேகம். நீட்டிக் குறைக்கிற கோலா இருந்தா முதல்ல என்ன ஒட்டணும்?"

"உங்க வாய்ல ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் கத்தியோடு வெளியே வந்தாள். அவருக்கு இரண்டு வாரத்துக்குத் தொத்திறைச்சி கிடையாது என்பது அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது. புருஷனைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கொடு இப்படி. மூட்டுக்குக் கீழ ரெண்டு சாண் சுரண்டிட்டா உள்ள போயிடும்."

வெண்டெலின் இடது கோலைக் கொடுக்கவில்லை. மூட்டுக்குக் கீழே விரல் வைத்து எண்ணினான்.

"பத்து நாற்காலி போயிடும்."

"போனா போகட்டும். எங்கம்மா வந்து ஒரு வருஷம் தங்கினாளே, அது இதுலதான் இருக்கு. உனக்குக் கொண்டாட்டம்தானே?"

"உங்கம்மா போகலாம், தாராளமா போகலாம். ஆனா அடுத்ததைப் பாரு. தமாரா முதல் தடவை தனியா சறுக்கி இறங்கின வருஷம்."

"சரி, அதுக்கும் அடுத்தது உன் கால் உடைஞ்சது. அதையாவது சுரண்டலாம். நாள் பூரா வீட்டுல உக்காந்து என் சமையலைக் குறை சொல்லியே கொன்னே."

"அப்பதானே எனக்குச் சீட்டாடக் கத்துக்கொடுத்தே?" என்றான் அவன். "வேணாங்கறதை மட்டும் எடுக்க முடியாது ஹெர்மீனா. குழாய் நேராத்தான் உள்ள போகும். ஒண்ணைத் தாண்டி ஒண்ணுக்குப் போகாது."

அவள் கத்தியைக் கீழே இறக்கினாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"இவ்வளவு ஆசையை வெச்சுக்கிட்டு ஏன்டா ஒரு தடவைகூட கோலை என்கிட்ட கொடுக்கலை?"

"பயம்."

"என்ன பயம்?"

"ஊர்ல ஒருத்தரையும் நீ விட்டு வைக்கலை. என்னை என்னன்னு வரைவியோன்னுதான். கூட இருக்கறவளுக்குத் தெரியாத குறையா?" அவன் கைப்பிடியை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். "இன்னிக்குக் காலையில பிரிச்சுப் பார்த்தா, வாயைப் பொளந்துக்கிட்டு நீ உக்காந்திருக்கே. கை மேல இருந்ததால வழி பூரா கண்ணுக்கு நேரா நீதான். மெதுவாத்தான் ஏறினேன்."

ஹெர்மீனா மூக்கை உறிஞ்சினாள். பிறகு வலது கோலை அவன் கையிலிருந்து பிடுங்கி, மூட்டுக்குக் கீழே இருந்த மரங்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சுரண்டித் தள்ளினாள். அது உள்ளே போய் அவன் இடுப்பு உயரத்துக்குச் சரியாக நின்றது. இடது கோலை இருவருமே தொடவில்லை.

மதியம் லிஃப்டை ஓட்ட வேண்டும் என்று வெண்டெலின் சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். வலது கை இடுப்பருகே, இடது கை தலைக்கு மேலே, அப்படியே சரிவில் வளைந்து வளைந்து இறங்கினான். கீழே லிஃப்டுக்குக் காத்து நின்றவர்கள், அவன் தங்களைப் பார்த்துத்தான் கையாட்டுகிறான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள். அது கையாட்டல் இல்லை, அவனால் கையை இறக்க முடியவில்லை என்பது ஹெர்மீனாவுக்குத் தெரியும். இருந்தாலும் குடில் வாசலில் நின்றபடி அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள்.