மூன்றாவது தடத்தில் லூர்துமேரி

ஒரு விடுகதை. நான்கு பேர் சேர்ந்து பாடிய பாட்டு. ஆனால் நால்வரும் ஒரு நாளும் சேர்ந்து பாடவில்லை. எப்படி? நான்கு தட டேப் ரெக்கார்டரைத் தூக்கி அலைந்த நண்பர்களுக்கு விடையும் தெரியும், தோள்வலியும் தெரியும். ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு தடங்கள். ஒன்றில் பதிந்ததை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பாடலாம். பிறகு நான்கையும் ஒன்றாக ஒலிக்க விடலாம்.

பேய் வேலை

எண்பதுகளில், ஆலங்காயத்துக்கு மேலே ஒரு மலையடிவாரக் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு பதியப் போனேன். முதல் தடத்தில் ஆர்மோனியம், இரண்டாவதில் ஆண்கள், மூன்றாவதில் லூர்துமேரி, நான்காவதில் தபேலா. லூர்துமேரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். ஆண்கள் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். "பாடுனவங்க அங்க நிக்கறாங்க, பாட்டு என் காதுல கேக்குது. இன்னா சார் பேய் வேலை இது?"

திருப்பிப் போட்ட கேசட்

பயிற்சிக்காகக் கேசட்டை, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாரிடம் விட்டு வந்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் திரும்பிப் போனபோது லூர்துமேரி இல்லை. காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

அவர் கணவர் சவரிமுத்து அந்தக் கேசட்டை வாங்கிப்போய் வீட்டு டேப்பில் போட்டிருக்கிறார். சாதாரண டேப் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்களைத்தான் படிக்கும். முதல் பக்கத்தில் மனைவி இல்லை. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு தடங்களும் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு ஓடும். குரல் மனைவியுடையது, ஒரு சொல்லும் விளங்காது. அதையே நாளெல்லாம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேசட்டை நீட்டினார். "செத்தவங்க பேச்சு இப்படித்தான் இருக்குமா சார்?"

கடைசிச் சரணம்

என் கருவியில் நேராகப் போட்டுக் காட்டினேன். கடைசிச் சரணம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் லூர்துமேரியின் பேச்சு இருந்தது: "தொண்ட காஞ்சிபோச்சு, மிச்சத்த அடுத்த வாட்டி பாடுறேன் சார். ஸ்டெல்லா, கொஞ்சம் தண்ணி குடும்மா." அந்த ஸ்டெல்லா, அவர்கள் மகள், அப்பாவை ஒட்டி நின்று கேட்டாள்.

"பாட்டு பாதில நின்னா பூசைல எப்படிப் போடறது? பொண்ணு பாடட்டும் சார்" என்றார் உபதேசியார்.

வேறு தடம் காலியில்லை. அவள் பாடினால் அம்மாவின் பேச்சு அழியும். நகலெடுக்கும் கருவி வேலூரில். பூசை அன்று ராத்திரி. இவ்வளவையும் ஸ்டெல்லாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

சவரிமுத்து அவள் தோளைப் பிடித்தார். "பாட்டு எப்ப வேணா பாடலாம் கண்ணு. அவ உன்னக் கூப்ட்டது இதுல மட்டுந்தான் கீது."

ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது தடத்தில் கடைசிச் சரணத்தைப் பாடினாள்.